கை கற்றதைக் கைவிடலாமா?

பட்டாளத்துக்காரர் ஊர் திரும்புகிறார். தோளிலே இரும்புப் பெட்டி. கையிலே சுருட்டிய கம்பளி. ஊரார் கூடுகிறார்கள். மாலை போடுகிறார்கள். "நாட்டைக் காத்த நல்லவர்" என்று நாலு பேர் பேசுகிறார்கள். தேநீர்க் கடையிலே பத்து நாட்கள் அவருடைய கதைக்கு நல்ல கிராக்கி! பதினோராம் நாள்? வங்கி வாசலிலே முக்காலி போட்டு, துப்பாக்கியை மடியிலே சாத்தி, வருவோர் போவோரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்.

காவல் வேலை கேவலம் என்று கூறவில்லை, தோழர்களே! உழைத்து உண்ணும் எந்த வேலையும் கேவலமல்ல. நான் கேட்பது வேறு. அந்த மனிதர் பட்டாளத்திலே பதினைந்து ஆண்டுகள் என்ன வேலை செய்தார் என்று எவரேனும் கேட்டதுண்டா? டாங்கி எஞ்சினைப் பிரித்துப் பூட்டியவராக இருக்கலாம். கம்பியில்லாத் தந்தியைச் சீர்செய்தவராக இருக்கலாம். விமானத்துக்கு எரிபொருள் செல்லும் குழாய்களைக் கண்போலக் காத்தவராகவும் இருக்கலாம். அவர் கை கற்றது ஒன்று. அவருக்குக் கிடைத்தது வேறொன்று. இடையிலே வீணானது எவ்வளவு? அந்தக் கணக்கை யார் எழுதுகிறார்கள்?

அமெரிக்க நாட்டிலே இந்தக் கணக்கை எழுதிப் பார்த்திருக்கிறார்கள். கூட்டலிலே சில பிழைகள் உண்டு. கழித்தலிலே பல பிழைகள் உண்டு. எனினும் எழுதியிருக்கிறார்கள். அந்நாட்டுப் படையிலே எரிபொருள் மெக்கானிக்காக இருந்தவன், படையை விட்டு வந்தபிறகு அரசாங்கத்திலேயே அதே வேலைக்கு எப்படிச் செல்கிறான், அங்கே அவனுக்கு என்ன கிடைக்கிறது, என்ன கிடைக்காமற் போகிறது என்பதை இன்று பார்ப்போம். ஒரு தொழிலை முழுக்கப் பார்த்தால் ஒரு நாட்டின் மனத்தைப் பாதி பார்த்தது போல!

என்ன வேலை அது?

விமானப் படைத் தளம் ஒன்றை மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளுங்கள். விமானம் பறப்பதை எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். அது பறப்பதற்கு முன்பு பூமிக்கடியிலே நடப்பதை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. தளத்தின் ஒரு கோடியிலே பெருந்தொட்டிகள். அங்கிருந்து பூமிக்கடியிலே குழாய்கள். விமானம் நிற்கும் தளம்வரை அந்தக் குழாய்கள் ஓடுகின்றன. விமானம் வந்து நின்றதும் தரையிலுள்ள மூடியைத் திறந்து குழாயை மாட்டுகிறார்கள், எரிபொருள் ஏறுகிறது. தொட்டிக்கும் விமானத்துக்கும் நடுவே பம்புகள், வடிகட்டிகள், வால்வுகள், அளவு காட்டும் மீட்டர்கள், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கருவிகள். இவற்றிலே ஒன்று தவறினாலும் விபரீதம்.

எப்படி என்கிறீர்களா? எரிபொருளிலே சிறிது தண்ணீர் கலந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கீழே இருக்கும்வரை அது வெறும் தண்ணீர். விமானம் உயரே சென்று கடுங்குளிரிலே பறக்கும்போது அது பனிக்கட்டி. பனிக்கட்டி வடிகட்டியை அடைத்தால் எஞ்சினுக்குப் பட்டினி! மேலும், தண்ணீரும் எண்ணெயும் சேரும் விளிம்பிலே நுண்ணுயிர்கள் வளர்ந்து தொட்டியையே அரிக்கத் தொடங்கும். இன்னொன்று: எரிபொருள் வடிகட்டி வழியே வேகமாக ஓடும்போது நிலைமின்சாரம் பிறக்கிறது. கம்பி கட்டி அதைப் பூமிக்கு இறக்காவிட்டால் ஒரு பொறி போதும், தளம் தீக்குண்டம்!

இந்தத் தொட்டிகளையும் பம்புகளையும் வால்வுகளையும் பழுதுபார்ப்பவனுக்கு அமெரிக்க அரசு ஒரு தொழில் எண்ணே கொடுத்திருக்கிறது: 8255, எரிபொருள் வழங்கு அமைப்பு மெக்கானிக். எரிபொருளை ஏற்றி இறக்கிக் கொடுக்கும் தொழிலாளிக்கு வேறு எண்: 5413. ஓட்டுபவன் வேறு, பழுது நீக்குபவன் வேறு என்று பிரித்து எழுதி வைத்திருக்கிறார்கள். தொழிலுக்குப் பெயர் வைப்பது சிறிய காரியமல்ல, தோழர்களே! பெயர் இருந்தால்தான் தரம் உண்டு; தரம் இருந்தால்தான் கூலி உண்டு; கூலிக்கு மேலே உரிமை உண்டு.

தொட்டிக்குள்ளே ஒரு மனிதன்

பதினெட்டு வயது இளைஞன் ஒருவன் விமானப் படையிலே சேருகிறான் என்று வைத்துக்கொள்வோம். டெக்சாஸ் மாநிலத்திலே ஷெப்பர்ட் விமானப் படைத் தளம் இருக்கிறது. நீர், எரிபொருள் அமைப்புப் பராமரிப்பு என்ற தொழிலை அங்கே அவனுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். வகுப்பறையிலே வரைபடம், வெளியே வந்தால் ஸ்பானரும் கேஸ்கட்டும். பிறகு தளம் தளமாக அனுப்புகிறார்கள். பாலைவன வெயிலிலே ஓராண்டு. பனி கொட்டும் வடக்கிலே ஓராண்டு.

அவன் கற்கும் பாடங்களிலே கடுமையானது தொட்டிக்குள் இறங்குவது. எரிபொருளை முழுக்க வடித்து, காற்றைச் செலுத்தி, உள்ளே என்ன இருக்கிறது என்று கருவி கொண்டு அளந்து பார்த்த பிறகே இறங்க வேண்டும். பிராணவாயு நூற்றுக்கு 19.5 பங்குக்குக் குறையக் கூடாது. எரியும் ஆவி, தீப்பிடிக்கத் தேவையான அளவிலே பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. உள்ளே ஒருவன் இருக்கும்வரை வாயிலிலே ஒருவன் நின்றுகொண்டே இருக்க வேண்டும். வாயிலிலே நிற்பவனுக்கு ஒரு கட்டளை உண்டு. கேட்டால் கல்நெஞ்சம் என்பீர்கள்! உள்ளே இருப்பவன் மயங்கி விழுந்தாலும், தக்க கருவியும் பயிற்சியும் இன்றி நீ உள்ளே குதிக்காதே. உதவிக்குக் குரல் கொடு, வெளியிலிருந்தபடியே கயிற்றால் தூக்கப் பார்!

ஏன் இந்தக் கட்டளை? அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் 1986இலே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. இத்தகைய மூடிய இடங்களிலே மாண்டவர்களில் நூற்றுக்கு 60 பேருக்கு மேல், விழுந்தவனைக் காப்பாற்றக் குதித்தவர்கள்! நண்பனைக் காக்கப் போனவன் நண்பனோடு போய்விட்டான். கழிவுநீர்த் தொட்டிக்குள் அண்ணன் இறங்க, அவனைத் தேடித் தம்பி இறங்க, இருவரும் திரும்பாத செய்தியை நாம் படித்ததில்லையா? விஷவாயுவுக்கு நாடும் மொழியும் கிடையாது.

உடனே உயிர் போகாவிட்டாலும் உடல் மெல்ல மெல்ல விலை கொடுப்பதுண்டு. ஆஸ்திரேலிய நாட்டு விமானப் படையிலே எப்-111 என்ற போர் விமானங்கள் இருந்தன. அவற்றின் எரிபொருள் அறைகளிலே பூச்சு அடிக்கடி விட்டுப்போகும். பழைய பூச்சை ரசாயனத்தால் கரைத்து எடுத்துப் புதிதாகப் பூசும் வேலை 1970களிலிருந்து 2000 வரை நடந்தது. இடுக்கான அறைக்குள் படை வீரர்கள் நுழைந்து செய்த வேலை அது. அவர்களின் உடல்நலக் கேடு வெளிவந்த பிறகுதான் விசாரணைக் குழு அமைந்தது. 2001இலே அதன் அறிக்கை வந்தது. குண்டடிபட்ட வீரனுக்குப் பதக்கம் தருகிறோம். ரசாயனம் பட்ட வீரன் தன் நோய்க்குக் காரணத்தையே மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது!

இத்தனையும் கற்று, இத்தனை ஆபத்தையும் கண்டு, இருபத்து நான்கு வயதிலே அந்த இளைஞன் படையிலிருந்து விடைபெறுகிறான். அவன் கைக்கு என்ன மதிப்பு?

சலுகையா, கடனா?

இந்தக் கேள்விக்கு அமெரிக்கா முதலிலே தந்த பதில் வெட்கப்படத்தக்கது. முதல் உலகப் போரிலே போராடி வந்தவர்களுக்கு ஊக்கத்தொகை தருவதாகப் பத்திரம் கொடுத்தார்கள். பணம் எப்போது? 1945இலே! இடையிலே பொருளாதார மந்தம் வந்தது; வேலை போயிற்று; வயிறு காய்ந்தது. 1932இலே பல்லாயிரம் முன்னாள் வீரர்கள் மனைவி மக்களோடு தலைநகர் வாஷிங்டனுக்கு வந்து குடிசை போட்டுத் தங்கி, "பணத்தை இப்போதே கொடு" என்று கேட்டார்கள். ஜூலை 28ஆம் நாள் காவலர் துப்பாக்கிக்கு இருவர் பலியாயினர். பிறகு படைத்தலைவர் மக்ஆர்தரின் தலைமையிலே ராணுவம் வந்தது, டாங்கிகளும் வந்தன. குடிசைகள் எரிந்தன. பட்டாளத்துக்காரனைப் பட்டாளமே விரட்டிற்று!

அந்தத் தீயின் வெளிச்சத்திலேதான் பிற்காலத்து ஆட்சியாளருக்குப் பாதை தெரிந்தது என்று நான் கருதுகிறேன். இரண்டாம் உலகப் போர் முடிவதற்கு முன்பே, 1944 ஜூன் 22ஆம் நாள், படை வீரர்களுக்குக் கல்வி உதவியும் வீட்டுக் கடன் உதவியும் தரும் சட்டத்திலே அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். ஐந்தே நாட்கள் கழித்து, ஜூன் 27ஆம் நாள், அரசாங்க வேலையிலே முன்னாள் வீரர்களுக்கு முன்னுரிமை தரும் சட்டத்திலும் கையெழுத்திட்டார். ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்டவர்கள் படையிலே பணிபுரிந்த போர் அது. அவர்கள் திரும்பி வருமுன் வாசலைத் திறந்து வைத்தார்கள்.

சட்டத்தின் சாரம் எளியது. போர்க்காலத்திலே பணியாற்றி நற்பெயருடன் விடுபட்டவருக்குத் தேர்விலே 5 மதிப்பெண் கூடுதல். படைப் பணியால் உடற்குறை பெற்றவருக்கு 10. வியட்நாம் போர்க்காலத்திலே, 1970இலே, அதிபர் நிக்சன் இன்னொரு வழியும் திறந்தார்: தகுதியுள்ள முன்னாள் வீரரைப் போட்டித் தேர்வின்றியே, ஒரு குறிப்பிட்ட தரம்வரை, நேராக வேலையில் அமர்த்தலாம், இரண்டாண்டுகள் ஒழுங்காக வேலை செய்தால் நிலையான பணி. 1998இலே வந்த சட்டம், அரசு ஊழியருக்கு மட்டும் என்று இருந்த பல காலியிடங்களுக்கும் முன்னாள் வீரர்கள் மனுச் செய்ய வகை செய்தது. இவற்றின் விளைவு: 2021 அளவிலே அந்நாட்டு மத்திய அரசின் சிவில் ஊழியர்களிலே ஏறத்தாழப் பத்துக்கு மூவர் முன்னாள் படை வீரர்கள்.

இன்னொரு நல்ல ஏற்பாடும் உண்டு. படையிலே வாங்கிய அடிப்படைச் சம்பளத்தில் நூற்றுக்கு 3 பங்கு கட்டினால், அந்தப் படைக்கால ஆண்டுகள் சிவில் ஓய்வூதியக் கணக்கிலும் சேரும். தாமதித்தால் வட்டி ஏறும். நம் இளைஞன் 24 வயதிலே வேலையிற் சேரும்போதே ஆறாண்டுப் பணிக்காலத்தை அந்தக் கணக்கிலே சேர்த்துக்கொள்ளலாம். நாட்டுக்காகச் செலவிட்ட ஆண்டுகளை நாடு அழித்துவிடவில்லை என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

"திறமை என்னாவது?"

முன்னுரிமை என்றதும் முகம் சுளிப்போர் எல்லா நாட்டிலும் உண்டு. "திறமை என்னாவது? தகுதி என்னாவது?" என்று கேட்பார்கள். நமக்குப் பழகிய குரல்தான்! அவர்களுக்கு இந்த மெக்கானிக் வேலையே விடை சொல்லும்.

முன்னுரிமை இருந்தாலும் வேலை தெரியாதவன் உள்ளே வர முடியாது. இத்தகைய தொழில்களுக்கு ஆள் எடுக்கும்போது முதலிலே ஒரே ஒரு கேள்வியை வைத்துச் சலிக்கிறார்கள்: வழக்கமான மேற்பார்வைக்கு மேல் தேவைப்படாமல் இந்தத் தொழிலைச் செய்ய உன்னால் முடியுமா? முடியும் என்பதை அனுபவத்தால் காட்ட முடியாவிட்டால் அதோடு சரி. போர்க்களத்திலே புலியாக இருந்தாலும் பம்பு தெரியாவிட்டால் பம்பைத் தொட முடியாது. முன்னுரிமை தகுதியைக் கொன்றுவிடவில்லை. தகுதியுள்ளவர்களிலே கடன்பட்டவனுக்கு முதலிடம் தருகிறது. அவ்வளவே.

ஆனால் ஒருபக்கம் மட்டும் பேசுவது நம் வழக்கமல்ல. இந்த முன்னுரிமையால் மனம் நொந்தவர்களும் உண்டு. மசாசூசெட்ஸ் மாநிலத்திலே ஹெலன் பீனி என்ற அம்மையார் மாநில அரசிலே 12 ஆண்டுகள் வேலை செய்தவர். 1971இலே ஒரு பதவிக்கான தேர்விலே இரண்டாவது அதிக மதிப்பெண் பெற்றார். பட்டியலிலே அவர் பெயர் எங்கே? ஆறாம் இடத்திலே! முன்னாள் வீரர்களான ஆண்கள் ஐவர் அவருக்கு மேலே. அந்த மாநிலச் சட்டம் வீரர்களுக்கு 5, 10 என்று மதிப்பெண் தரவில்லை. தேறியவரை எல்லாம் மொத்தமாக மேலே தூக்கி வைத்தது. அந்நாளில் அம்மாநிலத்து முன்னாள் வீரர்களிலே நூற்றுக்கு 98 பேருக்கு மேல் ஆண்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 1979இலே, சட்டம் செல்லும் என்று எழுவரும் செல்லாது என்று இருவரும் தீர்ப்புரைத்தனர்.

சட்டம் வென்றது. அம்மையாரின் கேள்வி தோற்றதா? இல்லை என்பேன். படையின் கதவு பெண்ணுக்குக் குறுகலாக இருந்த காலத்திலே, படையில் இருந்தவனுக்கே வேலை என்றால், ஒரு வாசலிலே மறுத்ததை மறு வாசலிலும் மறுத்ததாகாதா? ஆகவே அளவு வேண்டும். 5 மதிப்பெண்ணுக்கும் முழுக் கதவுக்கும் வேறுபாடு உண்டு. கடனைத் தீர்க்க வேண்டும். இன்னொருவர் பையிலிருந்து எடுத்துத் தீர்க்கக் கூடாது.

வாசலிலே சில முட்கள்

கதவு திறந்திருக்கிறது, உடனே நுழைந்துவிடலாமா? வாசலிலே முட்கள் உண்டு.

முதல் முள், மொழி. படையிலே அவனுடைய தொழிலுக்கு ஒரு குறியீடு. சிவில் அரசிலே வேறொரு குறியீடு. செய்த வேலை ஒன்றே! பூமிக்கடிக் குழாயை அழுத்தம் ஏற்றிச் சோதித்தவன், தன் படைத்துறைச் சுருக்கெழுத்துகளை அப்படியே மனுவிலே எழுதினால், அதைப் படிக்கும் சிவில் குமாஸ்தாவுக்கு ஒன்றும் விளங்காது. விளங்காத மனு ஓரத்திலே போகும். எனவே, எத்தனை தொட்டிகள், என்ன பம்பு, எந்த வால்வு, யார் மேற்பார்வை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று அக்குவேறு ஆணிவேறாக எழுத வேண்டும். ஸ்பானர் பிடித்த கைக்குப் பேனா பிடிப்பது கஷ்டம். அதைச் சொல்லிக்கொடுப்பதும் அரசின் கடமைதானே?

இரண்டாம் முள், காத்திருப்பு. இருபதாண்டு பணியாற்றி ஓய்வூதியத்தோடு படையை விட்டவர், 180 நாட்கள் கழியாமல் பாதுகாப்புத் துறையின் சிவில் வேலையிலே சேரலாகாது. தனி அனுமதி வேண்டும். 1964இலே வந்த சட்டம் இது. நோக்கம் தீயதல்ல. சீருடையிலே இருக்கும்போதே தனக்கென ஒரு நாற்காலியைச் செய்து வைத்துவிட்டு, மறுநாள் சட்டை மாற்றி அதிலே அமருவதைத் தடுக்கத்தான் அந்த வேலி. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அவசரநிலை என்று வேலியைத் திறந்து வைத்தார்கள். 2016 டிசம்பரிலே வந்த சட்டத்தால் மீண்டும் அடைத்தார்கள். ஆனால் பதவி தேடும் பெரிய அதிகாரிக்கும், பம்பு பழுதுபார்க்கும் சார்ஜண்டுக்கும் ஒரே வேலிதானா? அதிகாரிக்கு ஆறு மாதம் ஓய்வு. சார்ஜண்டுக்கு ஆறு மாதம் வாடகைப் பாக்கி!

கூலி என்ன?

கைத்தொழில் செய்யும் மத்திய அரசு ஊழியருக்கு அங்கே தனிக் கூலி முறை உண்டு. 1972இலே சட்டமாயிற்று. அதன் அடிப்படை அழகானது: அந்தந்த வட்டாரத்திலே தனியார் தொழிற்சாலையிலே அதே வேலைக்கு என்ன கூலியோ, அதை ஒட்டிய கூலி. மெக்கானிக்குகளுக்கு 15 தரங்கள்; ஒவ்வொரு தரத்திலும் 5 படிகள். இரண்டாம் படிதான் வட்டாரக் கூலி. முதற்படி அதிலே நூற்றுக்கு 96. ஐந்தாம் படி 112. வட்டாரக் கூலியை விசாரித்து எழுதும் குழுவிலே தொழிற்சங்கப் பிரதிநிதிக்கும் இடம் உண்டு. கூலியை நிர்ணயிக்கும் மேசையிலே கூலிக்காரனும் உட்காருகிறான்! நல்ல ஏற்பாடு.

ஆனால் ஏட்டிலே உள்ள அழகு வீட்டுக்கு வர வேண்டுமே! 1979ஆம் நிதியாண்டு தொட்டு, கூலி உயர்வுக்கு ஓர் உச்சவரம்பு போட்டு வந்தார்கள். வட்டாரக் கூலி பத்தடி ஏறினாலும் அரசுக் கூலி மூன்றடிதான் ஏறலாம் என்றால் ஆண்டுக்காண்டு பள்ளம் ஆழமாகாதா? "வட்டாரக் கூலி தருவோம்" என்று வாசலிலே பலகை. "இதற்கு மேல் தரமாட்டோம்" என்று உள்ளே ஒரு சீட்டு!

சங்கத்தின் கதையும் இப்படித்தான் மேடும் பள்ளமுமாகச் செல்கிறது. 1962 ஜனவரியிலே அதிபர் கென்னடி பிறப்பித்த ஆணை, மத்திய அரசு ஊழியரின் சங்கங்களுக்குக் கூட்டு பேரத்தில் இடம் தந்தது. 2025 மார்ச்சிலே அதிபர் டிரம்ப் பிறப்பித்த ஆணை, நாட்டுப் பாதுகாப்பைக் காரணம் காட்டி, பாதுகாப்புத் துறை உள்ளிட்ட பல துறைகளிலே அந்த உரிமையைப் பறித்தது. சங்கங்கள் நீதிமன்றம் ஏறின. நாட்டுப் பாதுகாப்புக்காகச் சீருடை அணிந்தவன். இன்று நாட்டுப் பாதுகாப்பின் பெயரால் அவனுடைய சங்கத்தின் வாயைக் கட்டுகிறார்கள். இதை என்னவென்று சொல்வது?

சிவந்த குன்றின் பாடம்

"ஒரு மெக்கானிக்குக்கு இத்தனை பேச்சா?" என்று கேட்பவர்கள் ஹவாய்த் தீவுக்கு வர வேண்டும். அங்கே பெர்ல் துறைமுகத்துக்கு அருகே ரெட் ஹில் என்றொரு குன்று. 1940களின் தொடக்கத்திலே அமெரிக்கக் கடற்படை அந்தக் குன்றைக் குடைந்து 20 எரிபொருள் தொட்டிகளைக் கட்டிற்று. ஒவ்வொன்றும் 250 அடி உயரம், 100 அடி அகலம். ஒரு தொட்டிக்குள் ஒன்றேகால் கோடி காலன்! அவற்றுக்கு 100 அடி கீழே என்ன இருந்தது தெரியுமா? தீவு மக்கள் குடிக்கும் நிலத்தடி நீர்.

2014 ஜனவரியிலே, ஒப்பந்தக்காரர் பழுதுபார்த்துக் கொடுத்த 5ஆம் தொட்டியிலே மீண்டும் எரிபொருளை நிரப்பினார்கள். ஒழுகிற்று, 27,000 காலன்வரை போயிற்று. 2021 மே 6ஆம் நாள் வேறொரு விபத்து. எரிபொருளை மாற்றும்போது வால்வுகளைத் திறந்த முறையிலே தவறு. குழாயிலே அழுத்தம் திடீரென எகிறி இணைப்பு விட்டது. கொட்டிய எரிபொருளிலே சுமார் 20,000 காலன், தீயணைப்புக் கழிவுநீருக்காக இருந்த குழாய்க்குள் புகுந்து தங்கிவிட்டது. யாரும் அறியவில்லை! ஆறு மாதங்கள் அங்கேயே கிடந்தது. நவம்பர் 20ஆம் நாள் சுரங்கத்துள் சென்ற வண்டி ஒன்று அந்தக் குழாயின் வால்விலே மோதிற்று. எரிபொருள் பீறிட்டது, கிணற்றை எட்டிற்று.

93,000 பேருக்கு நீர் வழங்கிய அமைப்பு அது. குழாயைத் திறந்தால் எண்ணெய் வாடை! குழந்தைகளுக்கு வாந்தி, தோலிலே தடிப்பு. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டை விட்டு விடுதிகளிலே தங்கின. அவர்களிலே பெரும்பாலோர் யார்? படை வீரர்களின் மனைவி மக்கள்! 2022 மார்ச் 7ஆம் நாள், அந்த இடத்தையே மூடுவது என்று பாதுகாப்பு அமைச்சர் அறிவித்தார். மூடுவதற்கும் மெக்கானிக் வேண்டும், தோழர்களே! 200க்கும் மேற்பட்ட பழுதுகளைச் சீர்செய்த பிறகே, 10 கோடி காலனுக்கு மேற்பட்ட எரிபொருளைக் குன்றிலிருந்து இறக்க முடிந்தது. 2024 மார்ச்சிலே அந்தப் பணி நிறைவேறிற்று.

இதிலே இரண்டு பாடங்கள். "தனியாரிடம் விட்டால் எல்லாம் சரியாகும்" என்பவருக்கு 2014 பதில் சொல்லும். "அரசு நடத்தினாலே போதும்" என்பவருக்கு 2021 பதில் சொல்லும். இரண்டிலும் குறைந்தது ஒன்றே: கை தேர்ந்தவனின் கவனமும், அந்தக் கவனத்துக்கு மேலிடம் தரும் மதிப்பும். எத்தனை ஊற்றினோம், எத்தனை திரும்பியது, குறைந்தது எங்கே என்று கணக்குப் பார்த்து, "நில்! குழாயைத் திறந்து பார்!" என்று சொல்ல ஒருவன் வேண்டும், அவன் சொன்னால் கேட்க ஓர் அதிகாரி வேண்டும். வேலை தந்தால் மட்டும் போதாது. விடாத பயிற்சி தர வேண்டும். போதிய ஆட்கள் தர வேண்டும். பயமின்றிப் பேசும் உரிமை தர வேண்டும். அந்த உரிமையைக் காக்கத்தான் சங்கம். சங்கத்தின் வாயைக் கட்டினால் ஒழுகலைச் சொல்லும் வாயையும் சேர்த்தே கட்டுகிறோம்.

முக்காலியும் ஸ்பானரும்

வங்கி வாசலுக்குத் திரும்புவோம். நம் நாட்டிலே சட்டம் இல்லையா? இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் முன்னாள் படை வீரர்களுக்கு மூன்றாம் பிரிவுப் பணிகளிலே நூற்றுக்கு 10 இடங்கள் ஒதுக்கின. வயதிலும் தளர்வு தந்தன. இடம் இருக்கிறது. ஆனால் இடத்தை எண்ணுகிறோமே தவிர, வருகிறவனின் கையைப் பார்க்கிறோமா? பம்பு தெரிந்தவனுக்குப் பம்பு, மின்சாரம் தெரிந்தவனுக்கு மின்சாரம், மருத்துவ உதவி தெரிந்தவனுக்கு மருத்துவமனை என்று பொருத்திப் பார்க்கிறோமா? 8255 என்ற எண்ணிலே நாம் கற்க வேண்டியது அந்தப் பொருத்தத்தைத்தான். அமெரிக்காவின் உச்சவரம்பையும் சங்கத் தடையையும் அவர்களே வைத்துக்கொள்ளட்டும்!

ஒருவனுக்குத் தொழில் கற்பிக்க நாடு செலவிட்டது மக்களின் வரிப்பணம். கற்றுக்கொள்ள அவன் செலவிட்டது தன் இளமை. இரண்டையும் முக்காலியிலே உட்கார வைத்துவிட்டு, வெளியூர்க் கம்பெனிக்கு ஒப்பந்தம் எழுதுவது எந்த ஊர் நியாயம்?

அடுத்த முறை வங்கிக்குச் செல்லும்போது, வாசலிலே இருக்கும் அந்தப் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "ஐயா, பட்டாளத்திலே தாங்கள் என்ன வேலை செய்தீர்கள்?" அவர் முகம் மலரும். கை தானாகவே எழுந்து எதையோ திருகிக் காட்டும். அந்தக் கை இன்னும் மறக்கவில்லை. நாடு மறக்கலாமா?